கோபம் என்றுதான் சொல்லியிருந்தேன்

எங்கள் கோவில் பங்கில் தவக்காலத்தில் சினிமா பார்க்கும் வழக்கம் கிடையாது. கறியை விடுவதுபோல் அதையும் நாற்பது நாள் விட்டுவிடுவார்கள். மீனை மட்டும் விடமாட்டார்கள். கடற்கரைச் சனத்திடம் அதைக் கேட்க எந்தச் சாமியாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. இந்த வருடம் அந்த வழக்கத்தை மாற்றியவன் நான். தவக்கால ஞாயிறு ஒன்றில், கோவில் மண்டபத்துச் சுவரில், ரத்தம் தெறிக்கிற ஒரு படத்தை இளைஞர் குழுவுக்குப் போட்டுக் காட்டினேன். ஊரில் அதை வைத்துக் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு. உங்கள் காதுவரை வந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது இன்ஸ்பெக்டர் மேடம். நல்லது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் அருளானந்து. காரங்காட்டுக்கு வடக்கே உள்ள கடற்கரை ஊர். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கோவிலில் உபதேசியார் வேலையும் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, சாமியார் வராத நாளில் ஜெபம், எல்லாம் என் பொறுப்பு. மனைவி இல்லை, மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். நான் குரல் உயர்த்தி ஊரில் யாரும் கேட்டதில்லை. வகுப்பிலும் பிரம்பைத் தொட்டவன் இல்லை. தலைமையாசிரியருக்கு அதுதான் என்மேல் குறையாக இருந்தது.

படத்தின் கதை சின்னது. மலைப்பாதையில் புதிதாகக் கல்யாணமான இருவர் காரில் போகிறார்கள். முன்னால் போகும் ஜீப் வழிவிடவில்லை. கணவன் ஹாரனை நீளமாக அடித்து முந்துகிறான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். ஜீப்காரன் அவர்களைத் துரத்த ஆரம்பிக்கிறான். வழியில் உதவிக்கு வந்த பெட்ரோல் பங்க் ஆளைக் கொல்கிறான், தடுத்த போலீஸ்காரரைக் கொல்கிறான், கடைசியில் கணவனையும் கொல்கிறான். மனைவி ஜாக்கிக் கம்பியை எடுத்து அவனை அடித்துச் சாய்க்கிறாள். செத்த பிறகும் அடிக்கிறாள். அந்த இடத்தில் எங்கள் மண்டபத்துப் பிள்ளைகள் விசிலடித்துக் கைதட்டினார்கள்.

நான் படத்தை அங்கே நிறுத்தி விளக்கைப் போட்டேன். பேச வேண்டியதை முன்பே யோசித்து வைத்திருந்தேன். படம் எடுத்தவர் ஜீப்காரனுக்கு ஒரு சோகக் கதை வைத்திருக்கிறார்; வேலை போய்விட்டது, மனைவி விட்டுப் போய்விட்டாள், அதனால் இப்படி ஆகிவிட்டான் என்கிறார். விசுவாசிகள் இதை ஏற்கக் கூடாது, காரணம் சொல்வது வேறு, மனம் வருந்துவது வேறு என்றேன். அடுத்து, நாம் கைதட்டினோமே, அது யாருடைய கை என்று கேட்டேன். நல்லவள் கையில் கம்பி வந்ததும் நமக்குக் கொலை இனிக்கிறது. சிலுவையில் தொங்கியவர் ஒரு அடியையும் திருப்பிக் கொடுக்கவில்லை, வன்முறையின் சங்கிலி அவர் உடம்போடு அறுந்தது, இந்தப் படமோ இன்னொரு கண்ணியை மாட்டிவிட்டு முடிகிறது என்றேன். மலைப்பொழிவில் ஆண்டவர் கோபத்தையும் கொலையையும் ஒரே தீர்ப்பின் கீழ் கொண்டுவருகிறார், ஆகவே ஹாரன் அடித்த அந்த நிமிடத்திலேயே கொலை தொடங்கிவிட்டது என்று முடித்தேன்.

நன்றாகத்தான் பேசினேன். எங்கள் உதவிப் பங்குச்சாமியார் சின்ன வயது, சினிமா தெரிந்தவர். இதை அப்படியே மறைமாவட்ட மாத இதழுக்குக் கட்டுரையாகக் கொடுங்கள் சார் என்றார்.

அப்போதுதான் பின்வரிசையில் சிநேகா எழுந்தாள். அவள் என்னிடம் மறைக்கல்வி படித்த பிள்ளை. தொண்டியிலிருந்து இராமநாதபுரத்துக்கு மீன் ஏற்றிப்போகிற வேன் டிரைவர் சூர்யாவைக் கட்டிக்கொண்டவள். சூர்யாவை உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். மருதுபாண்டி என்ற நெல் விதைக்கிற சம்சாரியை வண்டியால் மோதிக் கொன்றதாக வழக்கு.

"சார், படத்துல அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிருது கொலகாரன்னு. கத்துறான், பல்லக் கடிக்கிறான். நெசத்துல செஞ்சவன் அப்படி இருக்க மாட்டான்ல சார். இருந்திருந்தா எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்க மாட்டாக."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், வாத்தியார் பதில் சொல்வார் என்று. நானும் ஏதோ சொன்னேன். கடவுள் அறிவார், உண்மை ஒருநாள் வெளியே வரும் என்ற மாதிரி.

மருதுபாண்டியைக் கொன்றது நான். இதை நான் இங்கே வந்து உட்கார்ந்ததும் சொன்னேன். நீங்கள் டீ சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொல்லுங்கள் சார் என்றீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

தை மாதம், பொங்கல் கழிந்த வாரம். நம் பக்கத்தில் அப்போதுதான் அறுப்பு. உள்கிராமத்துச் சம்சாரிகளில் சிமெண்ட் களம் வைத்திருப்பவர் சிலர்தான். மற்றவர்களுக்குச் சூடாகவும் சமமாகவும் கிடைக்கிற ஒரே தரை கிழக்குக் கடற்கரைச் சாலை. பாதிச் சாலையில் நெல்லைப் பரப்பி, ஓரமாகக் கல்லை வரிசையாக அடுக்கி, இரண்டு முனையிலும் கருவேல முள்ளை இழுத்துப் போட்டுவிடுவார்கள். மிச்சப் பாதியில்தான் போகிற வண்டியும் வருகிற வண்டியும். புதிதாக வருகிறவர்கள் திட்டுவார்கள். உள்ளூர்க்காரர்கள் மெதுவாக ஒதுங்கிப் போவார்கள். நானும் இத்தனை காலம் ஒதுங்கிப் போனவன்தான்.

அன்று இராமநாதபுரத்தில் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு மத்தியான வெயிலில் காரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நெல் கிடந்த இடத்தில் எதிரே பஸ் வந்துவிட்டது. நின்றிருக்கலாம். நிற்காமல் இடது பக்கம் ஒடித்தேன். சக்கரம் ஒரு கல்லை உருட்டிவிட்டு நெல்மேல் ஏறி இறங்கியது. நெல்லுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த ஆள், கிளறுகிற பலகையை ஓங்கி என் காரின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினான். என்னிடம் படித்த பையன்கள் வயதுதான் இருக்கும்.

"ஏலே, கண்ணு பொடதியிலயா இருக்கு? சோத்து மேல வண்டிய ஏத்துறியேலே. எறங்கி வந்து அள்ளிப் போட்டுட்டுப் போலே."

நான் கண்ணாடியை இறக்கி, "தம்பி, பஸ் வந்துருச்சு" என்றேன்.

"பஸ்ஸு வந்தா நிப்பாட்டணும்லே. இங்கன என்ன ஒங்க அப்பன் வீட்டுப் பாதையா?" என்று சொல்லிவிட்டுக் காறித் துப்பினான். என் மேல் இல்லை, தார்மேல்தான். நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலில் யாரோ சிரித்தார்கள்.

என்னை ஏலே என்று கூப்பிட்டவர் என் அய்யா ஒருவர்தான். அவர் போய்ச் சேர்ந்தும் காலமாகிவிட்டது. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதை இன்று உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். அன்று ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு நடந்ததைச் சாமியாரிடம் சொன்ன மாதிரியே உங்களிடமும் சொல்கிறேன். கோபம் வந்தது. கண்ணை மறைத்தது. அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு டிவிஎஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் பின்னால் போனேன். ஹாரன் அடித்தேன். அவன் திரும்பிப் பார்த்து, ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டான். ஒதுங்கியவன்மேல் காரின் முனையைக் கொண்டுபோய் இடித்தேன். டிவிஎஸ் ஓடைப் பாலத்துச் சுவரில் மோதியது. அவன் சுவரைத் தாண்டிக் கீழே விழுந்தான். தண்ணீர் வற்றிய ஓடை, கல்லும் காய்ந்த சகதியும்தான்.

விபத்து என்றால் ஓடிப்போய்த் தூக்குவார்கள். நான் இறங்கிப் போய்ப் பாலத்துச் சுவரில் கை வைத்துக் குனிந்து பார்த்தேன். அவனுக்கு நினைவு இருந்தது. ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. காதோரம் ரத்தம் வந்துகொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"சார்... தெரியாமப் பேசிட்டேன் சார். தூக்கி விடுங்க சார்."

ஏலே போய் சார் வந்துவிட்டது. உள்ளதைச் சொல்வதென்றால், அந்த வார்த்தை எனக்கு நிறைவாக இருந்தது. வகுப்பில் அடம்பிடித்த பையன் கடைசியில் வழிக்கு வந்தால் ஒரு நிறைவு வருமே, அதுதான். "பரவாயில்ல தம்பி, நான் மன்னிச்சுட்டேன்" என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் மன்னித்தேன். அவன் இந்து. இருந்தாலும் அவனை நோக்கிச் சிலுவை அடையாளம் போட்டேன். அத்துடன் எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த விவகாரம் முடிந்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. அவனைத் தூக்க வேண்டும் என்பது வேறு விஷயம், அது என் வேலை என்று அந்த நேரம் தோன்றவில்லை. காரில் ஏறி வீட்டுக்கு வந்து, மோர் குடித்துவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு படுத்தேன்.

அதற்கப்புறம் அந்த வழியாக மீன் வண்டியில் வந்தவன் சூர்யா. பாலத்தடியில் ஆளைப் பார்த்து, ஒற்றை ஆளாகத் தூக்கி, மீன் பெட்டிகளைச் சாலையோரம் இறக்கிப் போட்டுவிட்டு, வேனில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறான். மருதுபாண்டிக்கு அப்போது பேச்சு இல்லை. வாசலிலேயே உயிர் போய்விட்டது. வேனில் ரத்தம், முன்பக்கத்தில் ஒரு பழைய நசுங்கல். சூர்யாவைப் பிடித்துக்கொண்டார்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்தச் சனிக்கிழமையே நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சின்னச் சாமியார்தான் உட்கார்ந்திருந்தார். கோபப்பட்டேன் சாமி என்றேன். யார்மேல் என்று கேட்டார். வழியில் பார்த்த ஒருவர்மேல் என்றேன். அவரோடு சமாதானம் ஆகிவிட்டீர்களா என்றார். அவர் மன்னிப்புக் கேட்டார், நானும் மன்னித்துவிட்டேன் என்றேன். எதுவும் பொய்யில்லை பாருங்கள். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். அந்த மனுஷனுக்கோ அவர் குடும்பத்துக்கோ உங்களால் ஆன ஓர் உதவி செய்யுங்கள் சார், அதுவே பரிகாரம் என்று சொல்லி மன்னிப்புக் கொடுத்து அனுப்பினார்.

கோவிலைவிட்டு வெளியே வரும்போது மனம் லேசாக இருந்தது. கோபமும் கொலையும் ஒரே தீர்ப்புக்கு உரியவை என்று வருடாவருடம் பிள்ளைகளுக்கு நடத்துகிறவன் நான். ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொன்னதாகத்தானே ஆகும். கோபத்தைச் சொல்லிவிட்டேன், கொலை அதற்குள் அடக்கம். கோபத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது, ஆகவே கொலைக்கும் கிடைத்தது. மீன் பிடிக்கிறவனுக்கும் உப்பு அள்ளுகிறவனுக்கும் இப்படி ஒரு புத்தி வராது. செய்ததைச் செய்தேன் என்று சொல்லி அழுதுவிடுவார்கள். எனக்கு வேதம் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

பரிகாரத்தையும் தட்டிக் கழிக்கவில்லை. துஷ்டி கேட்கிற சாக்கில் மருதுபாண்டியின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சண்முகவள்ளி நாற்காலி எடுத்துப் போட்டு, பிள்ளையை அனுப்பிக் கலர் வாங்கிவரச் செய்தாள். வாத்தியார் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது.

"எல்லாரும் ஆக்சிடெண்ட்டுங்குறாக சார். எனக்கு மனசு ஒப்பல. அந்த மீன் வண்டிக்காரன் போன வாரந்தான் நெல்லு மேல ஏத்திட்டான்னு இவுக அவன்கூட மல்லுக்கு நின்னாக. வேணும்னுதான் அடிச்சிருக்கான் சார். திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்கணும். எனக்கு எழுதத் தெரியாது. நீங்க எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். என்னால் ஆன உதவி அதுதானே. 'இது தற்செயலாக நடந்த விபத்து அல்ல, வேண்டுமென்றே செய்யப்பட்டது' என்று எழுதினேன். அந்த வரியை எழுதுவதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை. செய்தவன் பெயர் வருகிற இடத்தில் அவள் சொன்ன பெயரை எழுதினேன். அது அவள் சொன்னது, நான் கையால் எழுதினேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தி, மனுவைக் கொடுக்கவைத்து, பஸ் ஏற்றியும் விட்டேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த மனுதான் உங்கள் மேசைக்கு வந்தது. அதற்கப்புறம் விபத்து வழக்கு கொலை வழக்காக மாறியது. சூர்யாவுக்கு ஜாமீனும் இல்லாமல் போனது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சிநேகா கோவில் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், அவுக தூக்கிட்டுத்தான் போனாக, தூக்கிட்டுத்தான் போனாக என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டி உள்ளே போய் ஜெபம் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வெட்கம் பெரிதா பயம் பெரிதா என்று கேட்டால் பயம்தான். ஆனால் வெட்கமும் பொய்யில்லை.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. தட்டில் கையை வைத்தால் சோத்து மேல வண்டிய ஏத்துறியேலே என்று அவன் கேட்பது கேட்கும். நற்கருணை வாங்காமல் இருந்தால் ஊர் கவனிக்கும் என்பதால் வாங்கினேன். அது நாக்கைவிட்டு நகராது. தண்ணீர் குடித்து விழுங்கினேன். செய்யக் கூடாதது, தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் என் போனில் வந்தது. தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஜீப்காரன் ஸ்டியரிங்கைக் குத்துகிறான், வாயில் நுரை வராத குறையாகக் கத்துகிறான், கண் சிவந்து கிடக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. கொலைகாரன் இப்படித்தான் இருப்பான், நான் இப்படி இல்லை. மறுபடியும் பார்த்தேன். பிறகு இதை ஊரே பார்க்கட்டும் என்று தோன்றியது. இளைஞர்களுக்குப் பாடம் என்று சாமியாரிடம் சொல்லி அனுமதி வாங்கினேன். என் உள்நோக்கம், கொலைகாரனின் முகம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது. அப்படிக் காட்டி முடித்த சூட்டோடுதான் சிநேகா எழுந்து, நெசத்துல அப்படி இருக்க மாட்டான்ல சார் என்று கேட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"நீங்க சொன்னா ஸ்டேசன்ல காதுகுடுத்துக் கேப்பாங்க சார். எனக்காக ஒரு எட்டு வந்து, அவுக நல்லவுகன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்களா?"

வாரேம்மா என்று சொல்லிவிட்டேன்.

சொன்னேனே தவிர வரவில்லை. குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், இந்த முறை கோபம் என்பதோடு நிறுத்தாமல், ஆள், இடம், பாலம், மனு எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே கேட்டதைச் சின்னச் சாமியார் வெளியே சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். யாரிடமாவது இறக்கி வைத்தால் போதும் என்றிருந்தது.

"சார், அந்தப் பையன் உள்ள இருக்கான். என்னால யார்கிட்டயும் வாயத் தெறக்க முடியாது, உங்களாலதான் முடியும். அவன வெளிய கொண்டுவர மனசு இல்லாம மன்னிப்புக் கேட்டா, நான் எப்படி சார் குடுப்பேன்? போங்க. போயிட்டு வாங்க" என்றார்.

அவர் அழுதுகொண்டிருந்தார். மகன் வயது. அன்று குருத்தோலைப் பவனிக்கான ஓலைகளை என்னோடு சேர்ந்து எண்ணெய் தடவியதுபோல மினுங்கத் துடைத்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பவனியில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் பாரத்தை இறக்கி வைக்கப் போய், இறக்கவே முடியாதபடி ஒரு சின்னப் பையன் தலையில் ஏற்றிவிட்டேன் என்று அப்போது புரிந்தது. அதனால்தான் இன்று காலை முதல் பஸ்ஸில் வந்தேன். பெரிய வியாழனுக்குள் சூர்யா வீடு போய்ச் சேர வேண்டும். எனக்கும் ஈஸ்டர் பாஸ்காவுக்குள் அந்த மன்னிப்பு வேண்டும். இரண்டில் எது முதலில் மனதில் வந்தது என்று கேட்காதீர்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள்.

"சார், அந்தப் புள்ள மேல உள்ள பாசத்துல அடுத்தவன் பழியத் தூக்கிச் சுமக்க வந்திருக்கீங்க. உங்க சாமி செஞ்ச மாதிரி. எனக்கும் ஒரு வாத்தியார் இப்படி இருந்தார். ஆனா நீங்க சொல்றது இடிக்குது. நெல்லு கெடந்த எடத்துக்குத் தெக்கால இருக்கு அந்தப் பாலம். நீங்க வடக்க உங்க வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தவரு. தெக்க எப்படி வந்தீங்க? சரி, ஆத்திரத்துல திரும்புனீங்கன்னு வச்சுக்கிட்டாலும், உங்களப் பாத்தா ஆத்திரத்துல புத்தி கெட்டுப் போற ஆளு மாதிரியே தெரியலயே" என்றீர்கள்.

உங்கள் கணிப்பு சரி மேடம். நீங்கள் நம்பாமல் என்னை அனுப்பிவிட்டால் சூர்யா உள்ளேயே கிடப்பான். அதனால் சாமியாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். கண்ணை மறைத்தது என்று சொன்னேனே, அது இல்லை.

அவனிடம் பேச்சு வாங்கிக்கொண்டு நான் வடக்கேதான் போனேன். கை நடுங்கியது, காதெல்லாம் சூடாக இருந்தது. இந்த நிலையில் வண்டி ஓட்டக் கூடாது என்று கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்ப மரத்து நிழலில் ஓரங்கட்டினேன். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை எடுத்து, அவசரப்படாமல், ஒரு மணியும் விடாமல் முழுவதும் சொல்லி முடித்தேன். நடுக்கம் நின்றது. சூடு தணிந்தது. தண்ணீர் குடித்தேன், மனம் நன்றாகத் தெளிந்திருந்தது. அப்படியே போயிருந்தால் வீடு. பின்னால் பார்க்கிற கண்ணாடியில், அவன் பலகையைச் சாத்தி வைத்துவிட்டு டிவிஎஸ்ஸை எடுத்துத் தெற்கே கிளம்புவது தெரிந்தது. நான் சீட் பெல்ட்டைப் போட்டேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். நெல் கிடந்த இடத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. நிறுத்தி, அதைப் போகவிட்டு, ஒரு மணி நெல்கூட மிதிபடாமல் தாண்டி, அவன் பின்னால் போனேன்.

கோபத்தில் செய்தது என்று எழுதாதீர்கள். கோபம் அந்த வேப்ப மரத்தடியிலேயே போய்விட்டது.